பென் பேட்டில் 3, 2500 அளவு: பனிக்காலக் கழிமுகத்துக்கு ஏற்ற ரீலா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரையுள்ள முகத்துவாரங்களில் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரை லூர் (செயற்கை இரை) போட்டு மீன் பிடிக்கிறவர், நடுத்தர விலையில் ஒரே ஒரு ரீல்தான் (தூண்டில் லைனைச் சுற்றும் கருவி) வாங்க முடியும் என்றால், பென் நிறுவனத்தின் பேட்டில் 3 வரிசையின் 2500 அளவைத் தாராளமாக வாங்கலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் உப்புப் போகக் கழுவும் பழக்கம் வேண்டும். காலை முழுக்க வீசினாலும் எடையைப் பற்றி முணுமுணுக்காத மணிக்கட்டும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் கடைசியில் சொல்லியிருக்கும் மாற்றுகளைப் பாருங்கள்.

நம்மூர்க் கடைகளில் 'கடலுக்கு' என்று கேட்டால் 4000 அளவுக்குக் கீழே (எண் கூடினால் ரீல் பெரிது) எடுத்துக் காட்டவே மாட்டார்கள். 6000-ஐக் கையில் திணிக்கிறவர்களும் உண்டு. பாறைத் தூண்டில் வளைவிலிருந்து பெரிய பாரைக்குக் கனமான பாப்பர் (நீர்மட்டத்தில் சத்தம் எழுப்பும் லூர்) எறிய அது சரி. பனிக்காலக் கழிமுகத்தின் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழை முடியும்போது முகத்துவாரங்கள் திறந்திருக்கும். ஓடைகளிலிருந்து இறால் குஞ்சும் விரல் நீள மடவையும் வற்றத்தோடு வெளியே வரும். பொங்கல் வாக்கில் கலங்கல் தெளியத் தொடங்கும். கொடுவா, பாரை, காலா, ஷீலா எல்லாம் அந்தச் சின்ன இரைக்காகத்தான் வாய்க்கால் ஓரம் நிற்கும். தெளிந்த நீரில் சின்ன இரை தின்னும் மீனுக்கு 7 முதல் 15 கிராம் லூரை மெல்லிய லைனில் கொடுத்தாக வேண்டும். அந்த எடையை 4000 ரீலும் கனமான ராடும் எறியாமல் இல்லை. ஆனால் 25 மீட்டரில் விழுந்துவிடும். 10 கிராம் ஜிக்ஹெட்டை (எடைத் தலை கொண்ட கொக்கி) 40 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோவது 2500 ரீல், 7 அடி மீடியம் லைட் ராடு, மெல்லிய பிரெய்ட் (பின்னிய லைன்) என்ற மூன்றும் சேர்ந்த கூட்டணிதான்.

இனி ரீலுக்கு வருவோம். உடலும் பக்கத் தட்டும் உலோகம். கியர் விகிதம் 6.2:1, கைப்பிடி ஒரு சுற்றுக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். பேரிங் 5+1. அதிகபட்ச டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்கின் பிடி, 12 பவுண்டு (5.4 கிலோ). எடை 300 கிராமுக்குச் சற்றே குறைவு. பிரெய்ட் கொள்ளளவு 10 பவுண்டில் 240 கெஜம், 15 பவுண்டில் 220 கெஜம், 20 பவுண்டில் 160 கெஜம். கழிமுகத்தில் 150 மீட்டருக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம் என்பதால் 15 பவுண்டு தாராளமாகப் போதும். ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) தண்டில் ரப்பர் வளையம் இருப்பதால் அடியில் நைலான் சுற்றாமல் பிரெய்டை நேராகவே கட்டலாம், வழுக்காது. ஸ்பூலில் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் உண்டு. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது மிச்சம் எவ்வளவு என்று ஒரு பார்வையில் தெரியும். விளம்பரச் சங்கதி மாதிரித் தோன்றும், ஆனால் உபயோகமானது.

காசு கொடுப்பது உண்மையில் டிராக்குக்குத்தான். பென்னின் எச்டி-100 கார்பன் வட்டுகள்தான் உள்ளே இருக்கின்றன. 5.4 கிலோ என்ற எண் முக்கியமில்லை. 15 பவுண்டு லைனில் அத்தனையும் பூட்டினால் முடிச்சோ கொக்கியோ முதலில் போய்விடும். பார்க்க வேண்டியது, நின்றிருக்கும் ஸ்பூல் சுழலத் தொடங்கும் அந்த நொடியை. கொடுவா கடித்த சில வினாடிகளிலேயே மேலே எழும்பி, வாயைப் பிளந்து தலையை உதறும். டிராக் சற்று ஒட்டிக்கொண்டு பிறகு 'டக்' என்று விடுபட்டால் அந்த உதறலில் கொக்கி கிழித்துக்கொண்டு வந்துவிடும், இல்லை லீடர் (நுனியில் கட்டும் தடித்த லைன்) அறுந்துவிடும். மலிவான ரீல்களின் ஃபெல்ட் வட்டுகள் உப்பும் ஈரமும் ஏறியபின் இப்படித்தான் ஒட்டும். கார்பன் வட்டு சீராக விடுகிறது. இந்த விலையில் இதைவிட நம்பகமான டிராக் கிடைப்பது கடினம்.

டிராக்கைச் சரிபார்க்கத் தராசு தேவையில்லை. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்புங்கள்; 2 கிலோ ஆயிற்று. லைனை ராடின் வளையங்கள் வழியே விடாமல், ரீலிலிருந்து நேராகப் பாட்டில் கழுத்தில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் மெதுவாக, நிற்காமல், குதிக்காமல் இறங்கும் இடத்தில் குமிழை நிறுத்துங்கள். 15 பவுண்டு லைன் ஏறத்தாழ 6.8 கிலோ தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக டிராக் நிற்கிறது. திறந்த மணல் தரையில் இதுவே போதும். அலையாத்தி வேர், பாலத்துத் தூண், கல் குவியல் ஓரம் வீசும்போது மேலும் கால் சுற்று இறுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பாட்டில் படிப்படியாகக் குதித்து இறங்கினால் வட்டில் அழுக்கோ தப்பான எண்ணெயோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், வாசலின் எதையும் டிராக் வட்டில் தொடவிடாதீர்கள். அதற்கென்று விற்கும் டிராக் கிரீஸை மட்டும், வட்டு மினுமினுக்கும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும்.

6.2:1 வேகம் ஒரு வசதி, ஒரு தொல்லையும் கூட. காற்றில் தொங்கும் லைனைச் சட்டென்று இழுக்கவும், நம்மை நோக்கி ஓடிவரும் பாரையோடு ஈடுகொடுக்கவும் நல்லது. விடியற்காலைக் கொடுவாவுக்கு அது அதிக வேகம். சென்னைக் கடல் ஜனவரியில் 26, 27 டிகிரிதான் என்றாலும், முழங்கால் ஆழக் கழி இரவில் அதைவிடக் குளிர்ந்துவிடும். சூரியன் ஏறி ஓரத் தண்ணீர் வெதுவெதுப்பாகும் வரை மீன் துரத்தாது. மூக்குக்கு நேரே மெதுவாகப் போனால் மட்டும் வாய் திறக்கும். பழைய 5:1 ரீலில் சுற்றிப் பழகிய கை இதிலும் அதே தாளத்தில் சுற்றினால் சாப்ட் பிளாஸ்டிக் லூர் தரையை விட்டு எழும்பி, நடுத்தண்ணீரில் யாரும் பார்க்காமல் வந்துசேரும். ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். அரைச் சுற்று சுற்றி நிறுத்தி, ஜிக்ஹெட் மணலைத் தொடும் 'தட்' கைக்குத் தெரிந்தபின் அடுத்த அரைச் சுற்று.

லைன் விஷயத்தில் கருமித்தனம் வேண்டாம். ரீலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பெயர் தெரியாத நாலு இழைப் பிரெய்டை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு இழை, பிஇ 1 (பிஇ என்பது பிரெய்டின் தடிமன் எண்) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பாக்கெட்டில் இருக்கும் பவுண்டைவிட விட்டத்தைப் பாருங்கள்: பிஇ 1 என்றால் 0.165 மில்லிமீட்டர். 0.25 என்று அச்சிட்டு '20 பவுண்டு' என்று விற்பது காற்றில் குடைபிடிக்கும். ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்றி, ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் முதல் வீச்சிலேயே கொத்துக் கொத்தாகக் கழன்று விழும்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கொத்துச் சிக்கல்தான் பெரிய எரிச்சல். கிழக்கு பார்த்த கரை, வடகிழக்கிலிருந்து காற்று, கையில் லேசான லூர்: வீசிய லூர் காற்றில் தடுமாறும், பின்னால் வரும் லைன் தொய்யும், அந்தத் தொய்வோடு கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் உட்காரும். அடுத்த வீச்சில் அது பத்துச் சுற்றை இழுத்துக்கொண்டு முடிச்சாகி ராடின் முதல் வளையத்தில் சிக்கும். லூர் மட்டும் தனியாகப் பறந்து போகும். ரீலைக் குறை சொல்லிப் பயனில்லை. லூர் விழுவதற்கு முன் ஸ்பூலை விரலால் தொட்டு அடக்கி, பெயிலை (லைனைப் பிடித்துச் சுற்றும் வளைகம்பி) கையால் மூடி, லைனை ஒருமுறை இறுக இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். பேட்டில் 3-இன் பெயில் தடித்த அலுமினியக் கம்பி, கையால் மூட நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஜனவரி விடியலில் நிலக்காற்று முதுகுப் பக்கம் லேசாக இருக்கும். லேசான லூர்களை அந்த நேரத்தில் எறிந்துவிட்டு, காற்று திரும்பியபின் 15 கிராமுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

லீடர் ஃப்ளோரோகார்பன், 30 பவுண்டு, முக்கால் மீட்டர். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி. அதைவிட மோசம் செவுள் மூடியின் ஓரம், பிளேடு. 20 பவுண்டு லீடரில் கடி கூடும் என்பது உண்மைதான், ஆனால் நாற்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவா இரண்டு நிமிடம் உரசினால் தாங்காது. பிரெய்டோடு சேர்க்க எஃப்ஜி முடிச்சு, 18 முதல் 20 குறுக்குச் சுற்று. இது வளையங்களில் இடிக்காமல் வெளியேறும். காற்றில் நின்று எஃப்ஜி போட வராதவர்களுக்கு இரட்டை யூனி: பிரெய்ட் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று, எச்சிலில் நனைத்து இறுக்க வேண்டும். ஷீலா கூட்டம் வந்துவிட்டால் இரண்டுமே பயன்படாது. லீடர் கத்தரித்த மாதிரி போகத் தொடங்கினால் 10 சென்டிமீட்டர் மெல்லிய கம்பி போடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

லூர் பட்டியல் நீளமாகத் தேவையில்லை. 3 அங்குலத் துடுப்புவால் சாப்ட் பிளாஸ்டிக், 7 மற்றும் 10 கிராம் ஜிக்ஹெட், 3 அங்குல ரப்பர் இறால், 9 சென்டிமீட்டர் மினோ (சின்ன மீன் வடிவ லூர்) ஒன்றிரண்டு. மினோவோடு வரும் மெல்லிய மும்முனைக் கொக்கிகளைக் கழற்றித் தடித்ததாக மாற்றிவிடுங்கள், கொடுவா அவற்றை நிமிர்த்திவிடும். மழைக்குப் பிறகு கூவமும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஆகாயத்தாமரையைக் கடலில் தள்ளும். அந்த வாரங்களில் மும்முனைக் கொக்கி எறிவது தோட்ட வேலை. ஒற்றைக் கொக்கியே சரி. தண்ணீர் தெளிந்தபின் இன்னொரு தொந்தரவு வரும். சாப்ட் பிளாஸ்டிக்கின் வால் பிறை வடிவில் சுத்தமாக அறுந்து வந்தால் கீழே பேத்தை இருக்கிறது. நின்று சண்டை போடாதீர்கள், ஒரு பாக்கெட் காலியாகிவிடும். இருபதடி தள்ளிப் போங்கள்.

சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியிலும் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதனால் அட்டவணையில் இருக்கும் உயரத்தைவிட முகத்துவாரத்தில் ஓடும் நீரோட்டம்தான் முக்கியம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாய் குறுகிய கழியில் கடல் வற்றம் தொட்ட பிறகும் உள்ளிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அட்டவணை 'வற்றம் முடிந்தது' என்று சொல்லும்போது மூட்டை கட்டுகிறவர், மீன் வாய்க்கால் விளிம்பில் வரிசை கட்டி நிற்கும் நேரத்தை விட்டுவிட்டுப் போகிறார். தண்ணீரில் ஒரு சருகைப் போட்டுப் பாருங்கள். அது நகரும் வரை வீசுங்கள், நின்றால் டீ குடிக்கப் போகலாம்.

தெற்கே ராமேசுவரம், பாம்பன் போகிறவர்களுக்கும் இதே ரீல் போதும், கரை மட்டும் மாறும். வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளித்துக் கலங்கியிருக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இது தலைகீழ். ஆகவே பனிக்காலத்தில் லைட் டாக்கிள் தென்கடலில். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் தூண்டில் கூடாது. வடக்கே பழவேற்காட்டிலும் மரக்காணத்தை ஒட்டிய கழுவேலியிலும் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. எல்லை எது என்று வனத்துறையிடமோ ஊர்க்காரர்களிடமோ கேட்டுவிட்டு ராடை எடுங்கள். வலை கட்டியிருக்கும் வாய்க்காலில் குறுக்கே வீசக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரெய்ட் சிக்கினால் நைலான் வலையின் கண்ணை அறுக்கும், அது ஒருவருடைய பிழைப்பு.

இனி குறைகள். பேட்டில் 3-இன் உடல் நீர் புகாதபடி முழுதாக அடைக்கப்பட்டதல்ல. பேரிங்குகளுக்குத் தடுப்பு இருக்கிறது, உடலுக்கு இல்லை. இடுப்பளவு நீரில் நின்று வீசும்போது ரீல் முங்கினால் உப்பு நீர் உள்ளே போகும். மணலில் வைத்தால் பொடிமணல் ரோட்டருக்கு (ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் பாகம்) அடியில் ஏறும். சுற்றும்போது காபிக்கொட்டை அரைக்கும் சத்தம் கேட்டால் அதற்குமேல் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சுற்றினால் கியர் பற்களில் மணல் பதியும். அடுத்தது லைன் ரோலர், பெயில் ஓரத்தில் லைன் ஓடும் சின்ன உருளை. எந்த ரீலிலும் முதலில் உப்பில் சாகிற உறுப்பு இதுதான், இதிலும் விதிவிலக்கில்லை. அது சுழலாமல் நின்றால் பிரெய்ட் ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் போடும், பிறகு அந்தப் பள்ளமே புது லைனையும் அறுக்கும். சோதிப்பது சுலபம்: ரோலர் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, லைனை இழுத்துப் பாருங்கள். புள்ளி நகராவிட்டால் இரண்டு சொட்டு ரீல் எண்ணெய். அப்படியும் நகராவிட்டால் பேரிங்கை மாற்றுங்கள்.

கழுவும் முறையில் பாதிப் பேர் ரீலைக் கெடுக்கிறார்கள். டிராக் குமிழை முழுக்க இறுக்குங்கள். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் அரை லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்து, ஸ்பூல், பெயில், ரோலர், கைப்பிடி மூட்டு எல்லாவற்றிலும் மென்மையாகத் தெளியுங்கள். பைக் கழுவும் பிரஷர் பைப் வேண்டவே வேண்டாம். அது உப்பை உள்ளே தள்ளி கிரீஸை வெளியே எடுக்கும். வாளியில் ஊறப்போடுவதும் தப்பு. ஈசிஆர் ஓரம் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் அதைவிட உப்பு. மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோதான். உதறி, நிழலில் ஒரு இரவு காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்; இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் வட்டுகள் அமுங்கிவிடும். சீசனில் மாதம் ஒருமுறை ரோலர், பெயில் மூட்டு, கைப்பிடிக் குமிழ் மூன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கியருக்கு கிரீஸ் வைக்க உடலைத் திறப்பவர்கள் பின்னோட்டத் தடுப்பு பேரிங்கில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் கொக்கியைப் பதிக்க இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் வழுக்கும்.

எடையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 280 கிராம் ரீலை 110 கிராம் ராடில் மாட்டினால் கை கனக்கிறது. கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடல் கொண்ட 2500 ரீல்கள், டைவாவின் எல்டி வரிசை போன்றவை, 200 கிராமைச் சுற்றியே இருக்கின்றன. நாள் முழுக்க வீசுகிறவருக்கு அந்த வித்தியாசம் தோள்வரை தெரியும். திறந்த மணலில் பாரைக்கும் காலாவுக்கும் மட்டும் போகிறவருக்கு அவை நல்ல தேர்வு. வேருக்குள் புகும் மாங்குரோவ் ஜாக் மீனையும் தூணைச் சுற்றும் கொடுவாவையும் பூட்டிப் பிடித்து இழுக்கும்போது பிளாஸ்டிக் உடல் சற்றே முறுக்கி, கியர் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தேயும். அங்கே உலோக உடல் தன் எடையை நியாயப்படுத்திவிடும். நீரில் இறங்கியே மீன்பிடிப்பவர், கயாக்கில் போகிறவர், கழுவச் சோம்பல்படுபவர் இந்த மூன்று பேரும் அதே பென்னின் ஸ்பின்ஃபிஷர் 6-ஐப் பாருங்கள். ஐபிஎக்ஸ்5 தரத்தில் (பீச்சும் நீரைத் தாங்கும் அளவுக்கு) அடைக்கப்பட்ட உடல். எடையும் விலையும் கூடும்.

பில்லும் வாரண்டியும் இந்திய விற்பனையாளரிடமிருந்து இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சற்றுக் குறைந்த விலைக்குத் தனியாக இறக்குமதி செய்து விற்கப்படுவதும் அதே ரீல்தான், ஆனால் பேரிங்கும் டிராக் வட்டும் தேவைப்படும்போது கையைப் பிசைய வேண்டிவரும். கடையில் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, ஸ்பூல் ஏறி இறங்கும்போது எந்த இடத்திலாவது இறுகுகிறதா என்று கவனியுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வெண்ணெய்தான். பழைய ரீல் வாங்குவதாக இருந்தால் ஸ்பூலைக் கழற்றி அடியில் பாருங்கள். தண்டின் அடியிலோ ரோட்டர் ஓரத்திலோ வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அலுமினியத்தை உப்பு தின்னத் தொடங்கிவிட்டது. எவ்வளவு விலை குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.